எம்.டி. பட்டத்தின் விலையும் மதிப்பும்: நம் தென்னாற்காட்டுக் கதை



சென்ற முறை நம் கல்வராயன் மலையின் மூன்று ஜாகிர்களைப் பற்றி எழுதினேன். இந்த முறை மருத்துவப் படிப்பு. காரணம் உண்டு. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் சிலர் இப்போது எம்.பி.பி.எஸ். முடித்து நிற்கிறார்கள். "சார், அடுத்து எம்.டி. படிக்க வைக்கணும். அரசு இடம் கிடைக்கிற மாதிரி தெரியலை. தனியார் பல்கலைக்கழகத்துல கேக்குற பணத்தை நெனச்சா தலை சுத்துது. அங்க வாங்குற பட்டத்துக்கு மதிப்பு உண்டா?" என்று அவர்களின் பெற்றோர் என்னைக் கேட்கிறார்கள். நான் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி படித்த வாத்தியார். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எம்.டி. என்றால் என்ன என்று பார்ப்போம்.

'டாக்டர்' என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குக் 'கற்பித்தல்' என்று பொருள். அதாவது டாக்டர் என்றால் முதலில் ஆசிரியர்தான்! ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் கற்பிக்கத் தகுதி பெற்றவருக்குக் கொடுத்த பட்டம் அது. பிற்பாடு வைத்தியருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் மருத்துவம் படித்தால் முதல் பட்டமே எம்.டி.தான். நாம் பிரிட்டிஷ் வழியில் வந்தவர்கள். நமக்கு முதல் பட்டம் எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் எம்.டி. அல்லது எம்.எஸ். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மயக்கவியல் போன்றவற்றுக்கு எம்.டி.; அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கு எம்.எஸ்.

எம்.டி. மூன்று ஆண்டுப் படிப்பு. படிப்பு என்று சொன்னாலும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் நேரம் குறைவு. வார்டில் நோயாளிகளைப் பார்ப்பதும், இரவுப் பணியும், அவசரப் பிரிவும்தான் அங்கே வகுப்பறை. நடுவில் ஓர் ஆய்வேடு எழுதி, அது ஏற்கப்பட வேண்டும். கடைசியில் நான்கு எழுத்துத் தாள்கள். பிறகு தேர்வாளர்கள் முன்னால் நிஜமான நோயாளியைச் சோதித்து, நோய் இன்னது, சிகிச்சை இன்னது என்று விளக்கிச் சொல்ல வேண்டும். தேர்வாளர்களில் பாதிப் பேர் வெளியிலிருந்து வருவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படிப்பில் பாடப்புத்தகம் என்பது நோயாளிதான். அந்த நோயாளி பெரும்பாலும் ஏழை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனை 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. அங்கே மருத்துவப் பள்ளி வந்தது 1835இல். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல். பட்டம் வேண்டுமென்றால் அரசுக் கல்லூரிதான் வழி. அதிலும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1875இல்தான். நம் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்துப் பட்டம் பெற்றது 1912இல்.

தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றுத் தமிழ் மண்ணுக்கு வந்தவர்களில் எல்லோரும் அறிந்த பெயர் ஐடா ஸ்கடர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லோரும் மிஷன் மருத்துவர்கள். ஐடாவுக்கோ அந்த வேலையில் விருப்பமே இல்லை. இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற அழைத்தார்கள். ஐடாவின் தந்தை வரலாம் என்றபோது, ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். திண்டிவனமும் நம் பழைய தென்னாற்காடுதான் என்பதை மறக்காதீர்கள்.

அதன் பிறகு ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். அங்கே பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் ஆண்டுகள் அவை. கார்னெல் தனியார் பல்கலைக்கழகம். 1900இல் வேலூர் திரும்பினார். ஒற்றைப் படுக்கையில் தொடங்கி, 1902இல் 40 படுக்கை மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1942இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். இதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. அதுவும் அரசு கட்டிய கல்லூரி அல்ல, நன்கொடைகளால் வளர்ந்தது.

ஆகவே 'தனியார்' என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பட்டம் எங்கே வாங்கினார் என்பதை வேலூரில் யாரும் கேட்கவில்லை. வாங்கிய பட்டத்தோடு எங்கே வந்து உட்கார்ந்தார் என்பதைத்தான் மக்கள் பார்த்தார்கள்.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். அவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு 1985 வரை ஒரு மருத்துவக் கல்லூரி கிடையாது. புதுச்சேரி ஜிப்மர், தஞ்சாவூர், இல்லையென்றால் சென்னை. அந்தக் காலத்தில் மலை மேலே யாருக்காவது முடியவில்லை என்றால், கம்பில் துணியைத் தொட்டில் மாதிரி கட்டி, இரண்டு பேர் தோளில் சுமந்து அடிவாரத்துக்கு இறங்குவார்கள். மலைப்பள்ளியில் வேலை பார்த்த நாட்களில் இதை என் கண்ணால் பல முறை பார்த்திருக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு முதல் மருத்துவக் கல்லூரி வந்தது சிதம்பரத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எல்லோருக்கும் தெரியும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது பல்கலைக்கழகமானது. சட்டமன்றச் சட்டத்தால் உருவானதுதான், ஆனாலும் நிறுவனர் குடும்பத்தின் கையில் இருந்த பல்கலைக்கழகம். இணைவேந்தர் பொறுப்பு அந்தக் குடும்பத்தில் தந்தை, மகன், பேரன் என்று வந்தது. அதனால் மக்கள் பேச்சில் அது 'செட்டியார் யுனிவர்சிட்டி', தனியார்தான்.

அங்கே 1980இல் பல் மருத்துவக் கல்லூரியும், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் வந்தன. அதே 1985இல்தான் கோவையில் பி.எஸ்.ஜி., சென்னை போரூரில் ராமச்சந்திரா கல்லூரிகளும் தொடங்கின. அதற்கு முன் தமிழ்நாட்டில் தனியார் என்றால் வேலூர் ஒன்றுதான். சுயநிதி மருத்துவக் கல்லூரிகளின் காலம் நம் மாநிலத்தில் பிறந்த வருடம் அது.

இந்தியாவில் இதற்கு முன்னோடி கர்நாடகத்து மணிப்பால். 1953இல் அங்கே கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மாணவரிடமே பணம் வாங்கிக் கல்லூரி நடத்தும் முறை அங்கிருந்து பரவியது. பிற்பாடு அது எல்லை மீறியது. 1992இல் கேபிடேஷன் கட்டணம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் அதைத் தடைசெய்து சட்டம் போட்டது. 2002இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, தனியார் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வகுக்கலாம், ஆனால் கொள்ளை லாபம் கூடாது என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் இன்று வரை நடக்கும் சண்டை.

சிதம்பரத்துக்குத் திரும்புவோம். 2012 கடைசியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. 12,000 பேருக்கு மேல் ஊழியர்கள். சம்பளம் கொடுக்க முடியாத நிலை. 2013இல் தமிழக அரசு நிர்வாகியை நியமித்து, பிறகு தனிச்சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. செட்டிநாட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் முடிந்தது.

அரசு எடுத்துக்கொண்டால் கட்டணமும் அரசுக் கட்டணம் ஆக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்குச் சுமார் 13,600 ரூபாய். இங்கே 5 லட்சத்துக்கு மேல். எம்.டி., எம்.எஸ். படிக்க மற்ற அரசுக் கல்லூரிகளில் சுமார் 30,000 ரூபாய். இங்கே 9 லட்சத்துக்கு மேல். ஏழு ஆண்டுகள் இப்படியே ஓடின. இந்தக் கல்லூரி சுகாதாரத் துறையில் இல்லை, உயர்கல்வித் துறையில் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கொரோனா ஆண்டு அது. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அரசு நடத்தும் கல்லூரியில் ஏன் தனியார் கட்டணம்?" 50 நாட்களைத் தாண்டியது போராட்டம். நடுவில் காலவரையற்ற விடுமுறை அறிவித்து விடுதிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் அசையவில்லை. 2021 ஜனவரி கடைசியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. அடுத்த சில நாட்களில் மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் என்ற அறிவிப்பும் வந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வாத்தியார் புத்தி விடாது!

எம்.டி. மூன்று வருடம். பழைய கட்டணம் 9 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று வருடத்துக்கு 27 லட்சம். புதிய கட்டணம் மூன்று வருடத்துக்கு 90 ஆயிரம். முப்பதில் ஒரு பங்கு. அதே கட்டடம், அதே வார்டு, அதே பேராசிரியர்கள், சீர்காழியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் இருந்து பஸ் ஏறி வரும் அதே நோயாளிகள். படிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரு கையெழுத்தில் விலை மட்டும் மாறியது.

பட்டத்துக்கு விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, விலை அதிகமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், பணம் உள்ளவர் கட்டட்டுமே என்று சிலர் கேட்பீர்கள். நஷ்டம் நமக்குத்தான். எப்படி என்று சொல்கிறேன்.

இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சில எம்.டி. பிரிவுகளுக்கு ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. நிலத்தை விற்றும் வங்கியில் கடன் வாங்கியும் படித்த பிள்ளை முடித்ததும் எங்கே போகும்? கடனை அடைக்கும் சம்பளம் எங்கே கிடைக்குமோ அங்கேதான். சென்னை, பெங்களூரு, வெளிநாடு. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். மாதத் தவணை கட்ட வேண்டியவர் வெள்ளிமலைக்கு வந்து உட்கார முடியாது. 27 லட்சம், 60 லட்சம் என்று படிப்பின் விலையை எழுதும்போதே அந்த மருத்துவர் யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

எங்கள் மலையின் கதை உங்களுக்குத் தெரியும். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களின் கீழ் கிடந்த மலை. ஜாகிர் முறை முழுதாகப் போய் அரசு நிர்வாகம் வந்தது 1976இல்தான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருடம் கழித்து! ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகு மெதுவாக ஏறி வந்தவை. ஆரம்ப சுகாதார நிலையம் கட்டிவிடலாம். அதில் தங்கி வேலை பார்க்கும் மருத்துவரைக் கட்ட முடியாதே.

சமவெளியிலும் நிலைமை ஒன்றும் அமோகம் இல்லை. 2024 ஜூனை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறி உயிரையும் எடுக்கும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் மணிக்கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வைத்தியம். பொது மருத்துவம், மயக்கவியல், சிறுநீரகம் என்று மேற்படிப்புப் படித்தவர்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அன்று வெளிமாவட்டங்களிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். நோயாளிகளை ஜிப்மர், சேலம், விழுப்புரம் என்று பிரித்து அனுப்பினார்கள்.

அன்று நம்மிடம் சிறுவங்கூரில் ஒரு மருத்துவக் கல்லூரியாவது இருந்தது. 2022 ஜனவரி 12இல் திறந்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று, 150 எம்.பி.பி.எஸ். இடங்களோடு. அதுவும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரி, பணம் இல்லாத பிள்ளைக்கு எம்.டி. படிக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்கும் முறை தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருந்தது. கிராமத்தில் வேலை பார், பிறகு அரசு உன்னைப் படிக்க வைக்கும் என்ற ஏற்பாடு. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். நீட் வந்தபின் இதற்குச் சிக்கல் வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அரசு மருத்துவர்கள் சங்கம் போராடி வாங்கிய தீர்ப்பு அது.

இன்னொன்று. எளிதில் போக முடியாத, தொலைதூரப் பகுதிகளில் வேலை பார்க்கும் அரசு மருத்துவருக்கு, ஓர் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம், அதிகபட்சம் முப்பது விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நுழைவுத் தேர்வில் 300 வாங்கியவர் அப்படிப்பட்ட இடத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்திருந்தால் 390 ஆகிறது. யோசித்துப் பாருங்கள். பணக்காரப் பிள்ளை பணத்தால் வாங்கும் இடத்தை, இந்தப் பிள்ளை மலையில் பார்த்த வைத்தியத்தால் வாங்குகிறது. நோயாளிக்கும் லாபம், மருத்துவருக்கும் லாபம். பட்டத்துக்கு ஒரு விலை உண்டென்றால் அது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு நேராகப் பதில்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் உள்ள எந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. வாங்கினாலும் சட்டப்படி எல்லாம் ஒன்றுதான். தனியார் என்பதால் குறைவு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு.

ஒன்று, கல்லூரிக்கு மட்டும் அங்கீகாரம் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பிரிவுக்கும், அத்தனை இடங்களுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆணையத்தின் பட்டியலிலேயே பாருங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டு, சேருவதற்கு முன் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனையின் ஓ.பி.யில் போய் உட்காருங்கள். வார்டுகளை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கூட்டம் இருந்தால் அங்கே படிப்பு இருக்கிறது. கட்டில்கள் காலியாகக் கிடந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அங்கே பாடப்புத்தகம் இல்லை என்று அர்த்தம்.

மூன்று, மூன்று ஆண்டுக்கான மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். மாத உதவித்தொகை எவ்வளவு, அதைக் கையில் கொடுக்கிறார்களா என்று அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள்.

நான்கு, அவசரப்பட்டு நிலத்தை விற்காதீர்கள். எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசுப் பணிக்குப் போகட்டும். கிராமத்திலோ மலையிலோ சில ஆண்டு வேலை பார்க்கட்டும். அந்த அனுபவமும் சேர்ந்து, பிறகு அரசு ஒதுக்கீட்டில் படிக்கும்போது பிள்ளை இன்னும் நன்றாகப் படிக்கும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வராயன் மலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றி அந்த உரிமையைத் தொலைத்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் இதைத் தெரியாதவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

என்னிடம் அ, ஆ படித்துவிட்டு இன்று மருத்துவர்களாக இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களில் யார் எந்த ஊரில், எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினீர்கள் என்பது எனக்கு முக்கியம் இல்லை. கரியாலூரிலிருந்தோ சேராப்பட்டிலிருந்தோ ஓர் அம்மா கையில் சீட்டோடு உங்கள் முன்னால் வந்து நின்றால், எழுந்து நின்று "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லுங்கள். உங்கள் பாடப்புத்தகத்தில் சில பக்கங்கள் அவர்களுடையவை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்